எழுபது வளைவு இறங்கினால் பாண்டிச்சேரி!

அக்கா மகன் போன் பண்ணினான்.

"மாமா, பாண்டிச்சேரி யூனிவர்சிட்டியில எம்.காம். சீட் கெடைச்சிருச்சு!"

"சபாஷ்டா மாப்ளே!"

"மாமா... அங்க லைஃப் எப்படி இருக்கும்?"

அந்த 'லைஃப்' என்ற வார்த்தையில் ஒரு இழுப்பு இருந்தது. பையன் மனசில் என்ன படம் ஓடுகிறது என்று எனக்குத் தெரியாதா? நீலக் கடல், மஞ்சள் கட்டடம், வெள்ளைக்காரி ஓட்டும் ஸ்கூட்டர், பின் சீட்டில் நம்ம ஆள். 2010-ல் இதே படத்தை மனசுக்குள் ஓட்டிக்கொண்டுதான் நானும் அதே யூனிவர்சிட்டிக்கு, அதே எம்.காம். படிக்கப் போனேன். படம் இன்டர்வெல் வரைகூட ஓடவில்லை.

"நானே வந்து கூட்டிட்டுப் போறேன். வழியில சொல்றேன்" என்றேன். இது 2024 ஆடி மாசம்.

எங்கள் ஊர் கொல்லிமலையில் வாழவந்தி நாடு. நாடு என்றதும் பாஸ்போர்ட், விசா என்று மிரள வேண்டாம். கொல்லிமலையில் இப்படி 14 நாடுகள் உண்டு. வளப்பூர் நாடு, சேளூர் நாடு, தின்னனூர் நாடு என்று வரிசையாகப் போகும். செம்மேட்டில் பஸ் ஏறினால், சோளக்காடு தாண்டி, 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிக் காரவள்ளி அடிவாரம் வர வேண்டும். ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் போட்டிருக்கிறார்கள். வாந்தி எடுப்பவர்கள், "முப்பத்தி மூணுலயே ஆரம்பிச்சிட்டேன்" என்று கணக்கு வைத்துக்கொள்ள வசதி. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதெல்லாம் வராது. தொட்டிலில் ஆடுகிற மாதிரி தூங்கிக்கொண்டே இறங்குவோம். எங்களுக்குத் தலை சுற்றுவது நேரான ரோட்டில்தான்!

பஸ்ஸில் மாப்பிள்ளை என் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். "ம், சொல்லுங்க மாமா."

சொன்னேன்.

பாண்டிச்சேரி பல்கலைக்கழகம் ஊருக்குள் இல்லை. 12 கிலோமீட்டர் வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டில் இருக்கிறது. 1985-ல் பார்லிமென்ட் சட்டம் போட்டு ஆரம்பித்தது, 780 ஏக்கர். ஊரிலிருந்து அங்கே போகிற வழியில் கோட்டக்குப்பம் வரும், அது தமிழ்நாடு. காலாப்பட்டு வந்ததும் மறுபடி புதுச்சேரி. அரை மணி நேர டவுன் பஸ்ஸில் இரண்டு தரம் மாநிலம் மாறும் ஊர் வேறெங்கே இருக்கிறது, சொல்லுங்கள்! (ஊர்ப் பெயரைப் 'புதுச்சேரி' என்று 2006-ல் மாற்றினாலும், யூனிவர்சிட்டி இன்னும் 'பாண்டிச்சேரி'தான்.)

நான் போய் இறங்கிய முதல் நாளே விடுதியில் ஒரு சீனியர் பிடித்துக்கொண்டார்.

"எந்த ஊருப்பா?"

"வாழவந்தி நாடு."

"எந்த நாடு?"

"வாழவந்தி நாடுங்கண்ணா."

வெளிநாட்டு மாணவர்களும் படிக்கிற இடம். அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எந்தக் கண்டம் என்று யோசிக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. "நல்லா தமிழ் பேசறியே!" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அது பரவாயில்லை. அடுத்தது 'மலையாளி'. எங்கள் மக்களுக்கு 'மலையாளி' என்று பெயர். மலையை ஆள்பவர்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். சாதிச் சான்றிதழிலும் பழங்குடியினர் பட்டியலிலும் அதே பெயர்தான். பேசுவது என்னவோ சுத்தத் தமிழ். முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து மலை ஏறினார்கள் என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள். இந்த வரலாறெல்லாம் கேரளத்திலிருந்து படிக்க வந்திருந்த பையன்களுக்கு எப்படித் தெரியும்? யாரோ "இவனும் மலையாளிதான்" என்று சொல்லிவிட, மூன்று பேர் ரூமுக்கே வந்து, கையைப் பிடித்துக்கொண்டு கடகடவென்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் பேந்தப் பேந்த முழித்தேன். சொந்த மொழியை மறந்த துரோகி என்ற பெயர் அந்த செமஸ்டர் முழுக்க எனக்கு இருந்தது.

ரூம்மேட் அதைவிட அதிசயம். லட்சத்தீவுக்காரன். லட்சத்தீவும் அந்தமானும் இந்தப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகிறவை. அவன் ஊருக்குப் போவதென்றால் கொச்சியில் கப்பல் ஏற வேண்டும். தீவு முழுக்கத் தட்டை. மலை கிடையாது, ஆறு கிடையாது. மலையை ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறான். நான் கடலை சினிமாவில்தான் பார்த்திருந்தேன். அவன் என்னை 'மலை' என்று கூப்பிட, நான் அவனைத் 'தீவு' என்று கூப்பிட, ரெண்டு வருஷமும் ஒருத்தர் பெயரை ஒருத்தர் சொல்லவே இல்லை. அவன் பெட்டியில் மாசிக் கருவாடு, என் பையில் மிளகு. மெஸ் சாம்பாரை மனிதர்கள் சாப்பிடும் நிலைக்குக் கொண்டுவர இந்த இரண்டும் போதும்.

கடலை முதலில் பார்த்தபோது நான் ஆச்சரியப்படவில்லை என்றால் நம்புவீர்களா? விடிகாலையில் எங்கள் சீக்குப்பாறையில் நின்று கீழே பார்த்தால், சமவெளி முழுக்க வெள்ளையாகப் பனிமூட்டம் பரந்து கிடக்கும். காலாப்பட்டில் ரோட்டைத் தாண்டி நடந்து போய்க் கடலைப் பார்த்ததும், 'அட, இதுதானா!' என்றுதான் தோன்றியது. சத்தம் மட்டும் கூடுதல்.

ஆச்சரியப்படுத்தியது வெயில். எங்கள் வீட்டில் அன்றைக்கு ஃபேன் கிடையாது, தேவைப்பட்டதும் இல்லை. இங்கே பங்குனி பிறந்தால் ஃபேன் காற்றே கொதிக்கும். காலை ஒன்பது மணிக்கே சட்டை முதுகில் ஒட்டும். சாயந்திரம் அதே சட்டை காய்ந்து முதுகில் உப்பு மேப் வரைந்திருக்கும். சன்ஸ்கிரீன் தடவிக்கொண்டு வெயிலில் காய வெள்ளைக்காரர்கள் காசு செலவழித்து வருகிறார்கள். எங்களுக்கு அதே வெயில் இலவசம். அருமை தெரியவில்லை!

சரி, மாப்பிள்ளை கேட்ட 'லைஃப்'?

ஊரில் எல்லாருக்கும் ஒரே கணக்கு. பாண்டிச்சேரி என்றால் பாட்டில். லீவுக்கு வீட்டுக்குப் போனால் தூரத்துப் பெரியப்பாகூட பையைத்தான் முதலில் பார்ப்பார். "வெறுங்கையோடவா வந்த?" என்பார். ரெண்டு வருஷம் படித்தேன். வாங்கின மார்க்கை ஒருத்தரும் கேட்டதில்லை.

உண்மையில், சுற்றுலா ஊரில் படிக்கிற பையனுக்கு அந்த ஊர் சனி, ஞாயிறில் கட்டுப்படியாகாது. ஆட்டோ விலை மாறும், டீ விலை மாறும். ஒயிட் டவுனில் நாங்கள் பார்த்ததெல்லாம் மதில் சுவரும் காகிதப்பூவும்தான். உள்ளே காபி குடித்தால் எங்கள் மூன்று நாள் மெஸ் பில். ஞாயிற்றுக்கிழமை மகாத்மா காந்தி வீதியில் போடும் சண்டே மார்க்கெட்டில் பழைய ஜீன்ஸ் வாங்குவோம். மாலை ஆறு மணிக்கு மேல் பீச் ரோட்டில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடப்போம், மறுபடி நடப்போம். செலவு, வறுத்த கடலை. அதைவிட மலிவான சந்தோஷம் எனக்கு இன்றுவரை அமையவில்லை.

அந்த 'பீச்'சில் மணல் கிடையாது என்பது இன்னொரு கூத்து. வெறும் கருங்கல்! எண்பதுகளின் கடைசியில் தெற்கே துறைமுகம் கட்டினார்கள். அதன் அலைதடுப்புச் சுவர், தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து வரும் மணலைப் பிடித்து நிறுத்திக்கொண்டது. வடக்கே இருந்த மணலைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருக்கும் ரோட்டைக் காப்பாற்றக் கல்லைக் கொட்டினார்கள். பெங்களூரிலிருந்து ராத்திரி முழுக்கக் கார் ஓட்டி வந்த கோஷ்டி, டவலோடு இறங்கி, கல்லைப் பார்த்துவிட்டு என்னிடமே கேட்டிருக்கிறது, "பாஸ், பீச் எங்க?"

இரண்டாம் வருஷம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சனி, ஞாயிறு வேலைக்குச் சேர்ந்தேன். கணக்கு எழுதுவது, சாவி கொடுப்பது. நாளைக்கு 200 ரூபாய். அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. ஒரு சென்னை கஸ்டமர் கேட்டார், "வருஷம் பூரா இந்த ஊர்லயேவா இருக்கீங்க? கொடுத்து வெச்சவங்கப்பா!" எங்கேயோ கேட்ட குரல். சோளக்காட்டில் அன்னாசிப்பழம் நறுக்கி விற்கும் என் அம்மாவிடம், கார் கண்ணாடியை இறக்கி எத்தனை பேர் இதையே சொல்லியிருக்கிறார்கள்! சொல்லிவிட்டுப் பழத்துக்கு அஞ்சு ரூபாய் குறைக்கச் சொல்வார்கள். இங்கே ரூம் வாடகையில் நூறு ரூபாய் குறைக்கச் சொன்னார். அவ்வளவுதான் வித்தியாசம்.

2011 டிசம்பர். செமஸ்டர் லீவு. நான் ஊருக்குப் போகவில்லை. மெஸ் பாக்கி 2,400 ரூபாய். புத்தாண்டு சீஸனில் 15 நாள் தொடர்ந்து வேலை பார்த்தால் 3,000 கிடைக்கும். தீவும் போகவில்லை, கப்பல் டிக்கெட் கிடைக்கவில்லை. விடுதியில் பத்துப் பதினைந்து பேர்தான் இருந்தோம். 29-ம் தேதி கிளம்பும்போது தீவு கடல் பக்கம் கையைக் காட்டி, "போகாதே மலை, எனக்கு இது பிடிக்கலை" என்றான். 'புயல் வந்தா மழை பெய்யும், அவ்வளவுதானே' என்று நினைத்துக்கொண்டு போனேன். மலைக்காரனுக்குக் கடல் காற்று என்றால் என்னவென்று தெரியாது.

30-ம் தேதி அதிகாலை 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. கெஸ்ட் ஹவுஸ் ஜன்னல் ஒன்று சட்டத்தோடு உள்ளே வந்து விழுந்தது. ரூமில் இருந்தவர்களைப் படிக்கட்டுக்கு அடியில் உட்கார வைத்துவிட்டு, நானும் அவர்களோடு உட்கார்ந்தேன். முந்தின நாள் ஏ.ஸி. சரியில்லை என்று என்னைக் கிழித்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. விடிந்து வெளியே வந்தால் தெருவே தெரியவில்லை, மரம்தான் தெரிந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை. புத்தாண்டு புக்கிங் அத்தனையும் கேன்ஸல். முதலாளி ஆயிரம் ரூபாயை எண்ணிக் கொடுத்தார். "மிச்சத்தை நான் எங்கேர்ந்துப்பா தர்றது? பார்த்தேல்ல?"

பார்த்தேன். என்ன சொல்ல முடியும்? பஸ் இல்லாத கிழக்குக் கடற்கரைச் சாலையில், விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி 12 கிலோமீட்டர் நடந்து விடுதிக்கு வந்தேன். தீவு வாசலில் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். ராத்திரிவரை பேசவில்லை. பக்கத்துக் குப்பத்தில் படகும் வலையும் போய் மீனவர்கள் கரையில் நின்றிருந்தார்கள். அங்கே போய்ப் பார்த்த பிறகு, என் 2,000 ரூபாயைப் பற்றி யாரிடமும் பேசவே கூச்சமாக இருந்தது.

ஜனவரி ஒன்றாம் தேதி மத்தியானம், விடுதி வாசலில் ஒரு மஞ்சள் பை, தலைப்பாகை, வெறுங்கால். அப்பா!

நாமக்கல்லுக்கு அந்தப் பக்கம் என் அப்பா போனதே இல்லை. செம்மேட்டு டீக்கடை டி.வி.யில், புதுச்சேரி அருகே புயல் என்று பார்த்திருக்கிறார். என் செல்லுக்கு அடிக்கச் சொல்லியிருக்கிறார், கிடைக்கவில்லை. அங்கிருந்தே பஸ் ஏறிவிட்டார். சேலம், விழுப்புரம், புதுச்சேரி என்று விசாரித்து விசாரித்து வந்து, கடைசியில் பாதி தூரம் நடந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடிக்கவெல்லாம் இல்லை. "சோறு தின்னியா?" என்றார். அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்தார். "ஏண்டா, இவ்வளவு மரம் சாய்ஞ்சு கெடக்குது, ஆளாளுக்குப் பார்த்துக்கிட்டு நிக்கறீங்க?"

வாட்ச்மேனிடம் அரிவாள் வாங்கி, வேட்டியை மடித்துக் கட்டினார். ஒன்றரை நாள். விடுதி வழியில் கிடந்த கிளைகளைக் கழித்து, இழுத்து ஒதுக்கினார். தீவு கூடவே நின்று இழுத்துப் போட்டான். எம்.காம். படிக்கும் மகன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். பண்ருட்டிப் பக்கம் பலா மரமெல்லாம் வேரோடு போய்விட்டது என்று யாரோ சொன்னபோதுதான் அப்பா அரிவாளைக் கீழே வைத்தார். எங்கள் வீட்டிலும் பலா மரம் உண்டு. "இனி கன்னு வெச்சு, அது எப்பக் காய்க்கறது..." என்றார். வேறு பேசவில்லை.

மறுநாள் ஊருக்குள் கூட்டிக்கொண்டு போனேன். டூரிஸ்ட் ஒருத்தர்கூட இல்லாத பீச் ரோடு. காந்தி சிலைப் பக்கத்தில் நின்று, சேற்றுக் கலரில் இருந்த கடலை அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதைப் பாக்கவா கார் போட்டுக்கிட்டு வர்றாங்க?"

"மத்த நாள்ல நல்லா இருக்கும்ப்பா."

"நம்மூருக்கும் அப்படித்தான் வர்றாங்க. வந்து, இங்க என்னய்யா இருக்குதுங்கறாங்க."

கூலி விஷயத்தை நான் சொல்லவில்லை. தீவு சொல்லிவிட்டான். அப்பா கெஸ்ட் ஹவுஸை வெளியே நின்று பார்த்தார். வாசலில் கண்ணாடித் துண்டுகளை முதலாளியே பெருக்கிக்கொண்டிருந்தார். "வா, போலாம்" என்று திரும்பிவிட்டார். நேராகப் பெரிய மார்க்கெட். மஞ்சள் பையில் நாலு கிலோ மிளகு இருந்தது. எனக்கும் வாத்தியார்களுக்கும் கொடுக்கக் கொண்டுவந்தது. கடைக்காரர் ஒரு மிளகை வாயில் போட்டுக் கடித்தார். கொஞ்ச நேரம் பேரம். கிலோ 320 ரூபாய்.

பணத்தை வாங்கிய அப்பா, அதை எண்ணாமல் நின்றார். மலையில் வீட்டு வாசலுக்கு வந்து மிளகு எடுக்கும் வியாபாரி கொடுத்தது 260.

"ஏண்டா, கிலோவுக்கு இந்த அறுபது ரூபா இத்தனை வருஷமா எங்கடா போச்சு?"

எம்.காம். இரண்டாம் வருஷம். மார்க்கெட்டிங், காஸ்ட் அக்கவுன்ட்டிங் எல்லாம் படித்தாகிவிட்டது. என்னிடம் பதில் இருந்தது. இடைத்தரகர், போக்குவரத்து, லாப விகிதம் என்று. அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை. எங்கள் வீட்டுக் கூரையும் அக்காவின் படிப்பும் அந்த அறுபது ரூபாயில்தான் போயிருந்தன. மெஸ் பாக்கிக்கு மேலும் 120 ரூபாய் குறைந்தது. இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அடுத்த மாசி அறுவடையிலிருந்து மிளகு மூட்டையோடு அவரே பஸ் ஏறி நாமக்கல் போக ஆரம்பித்தார்.

கதையில் தீவுக்கு ஒரு பாக்கி இருக்கிறது. அந்த மே மாதம் பரீட்சை முடிந்ததும் அவனை எங்கள் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கப்பலில் ஆடாத பையன், பதினேழாவது வளைவில் பஸ்ஸை நிறுத்தச் சொன்னான். நாற்பதாவதில், "இறக்கி விடு, நடந்தே வர்றேன்" என்றான். மேலே வந்ததும் அம்மா பலாச்சுளையை நீட்ட, அவன் இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டே வாயைத் திறந்தான். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துச் சொச்சம் படி இறங்க வேண்டும். இறங்கினான், ஏறும்போது, இனி ஜென்மத்துக்கும் தீவை விட்டு நகரமாட்டேன் என்று அருவிமேல் சத்தியம் பண்ணினான். இப்போது அவன் அங்கேதான் வாத்தியார்.

இத்தனையும் சொல்லி முடிக்க விழுப்புரம் வந்துவிட்டது. மாப்பிள்ளை பாதிக்கு மேல் தூங்கியிருந்தான்.

பாண்டியில் இறங்கியதும் முதலில் பீச் ரோட்டுக்குத்தான் போனோம். தலைமைச் செயலகத்துக்கு எதிரே இப்போது நிஜமாகவே மணல்! 2018 வாக்கில் கடலுக்கு அடியில் செயற்கைத் திட்டு ஒன்றைப் போட்டு மணலைச் சேர வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் வீடு கட்டிக்கொண்டிருந்தன. கொஞ்சம் தெற்கே, பழைய பாலம் 2022-ல் பாதி இடிந்து விழுந்தது விழுந்தபடி. மாப்பிள்ளை நாலு செல்ஃபி எடுத்தான். ஒரு கடையில் காபி விலைப் பட்டியலைப் படித்தான். போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

"மாமா, மெஸ் பில் மாசம் எவ்வளவு வரும்?"

விடுதியில் விட்டுவிட்டு, பாட்டி கொடுத்த மிளகுப் பொட்டலத்தைப் பையில் வைத்துவிட்டு வந்தேன். ஒரு வாரம் கழித்துப் போன் வந்தது. குரலில் அழுகை.

"மாமா! இங்க அத்தனை பேரும் என்கிட்ட மலையாளத்துலயே பேசறாங்க மாமா!"

பஸ்ஸில் அந்தக் கட்டத்தில்தான் அவன் தூங்கிப்போயிருந்தான்.